சாரலும் சீக்காவும்!

குற்றாலம் பேரருவிக்கும் கிரிக்கெட் ஸ்ரீகாந்துக்கும் ஒரே ராசி, ஒரே நட்சத்திரமாகத்தான் இருக்க வேண்டும். லீவு போட்டு, வேன் பிடித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். 'சீ, போ!' என்று ஊர் திரும்பிய மறுநாள், 'குற்றாலத்தில் வெள்ளப்பெருக்கு' என்று பேப்பரில் போட்டோ வரும்!

இந்த ஒப்புமைக்குச் சொந்தக்காரன் நான் இல்லை. ஆய்க்குடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் இலவசமாகக் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் குற்றாலத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவோம், தண்ணீர் இருந்தால்.

ஜூன் பிறந்தால் தென்காசிக்காரர்களுக்கு நாடெங்கும் உறவினர்கள் முளைத்துவிடுவார்கள். பத்து வருஷமாகப் பேசாத சித்தப்பா பையன்கூட போன் போட்டு, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்பான். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கேள்வி: "குத்தாலத்துல தண்ணி விழுதா?"

கணக்கு என்னவோ சுலபம்தான். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாக்கில் கேரளத்தைத் தொடும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுவதில் மிச்சம் மீதி, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் சிதறும். அதுதான் சாரல். மலைக்காட்டில் பெய்வது சிற்றாறாகச் சேர்ந்து அருவியாக விழும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சீசன். காலண்டரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அருவி காலண்டர் பார்ப்பதில்லை, அதுதான் சிக்கல்!

ஒரு வருஷம் ஜூன் முதல் வாரமே வெளுத்துக் கட்டும். ஒரு வருஷம் ஜூலை பாதி வரை பாறை பல்லைக் காட்டும். திடீரென்று ஒரு ராத்திரி பாதுகாப்பு வளைவையும் தாண்டிக்கொண்டு விழும். உடனே போலீஸ் விசில்: "யாரும் குளிக்கக் கூடாது!" தண்ணீர் வராவிட்டாலும் குளியல் இல்லை, வந்தாலும் குளியல் இல்லை. ஒன்று முட்டை, இல்லாவிட்டால் செஞ்சுரி.

நான் போன அன்று முட்டை. எண்ணெய் வழிய ஐம்பது அறுபது பேர், நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்த தண்ணீருக்கு ரேஷன் கடை க்யூ போல நின்றார்கள். "சார், தலையை மட்டும் நனைச்சுட்டு நகருங்க" என்று ஒரு பொடியன் அதிகாரம் செய்தான். ஐந்தருவிக்குப் போனால், ஐந்தில் இரண்டுதான் டியூட்டியில் இருந்தன. திருச்சியிலிருந்து வேனில் வந்திருந்த ஒரு குடும்பத் தலைவர் அருவியைப் பார்த்துத் திட்டிய திட்டு இருக்கிறதே... மனுஷனைத் திட்டியிருந்தால் கேஸ் ஆகியிருக்கும்!

சரி, முருகனையாவது பார்ப்போம் என்று தென்காசி வந்து, சாம்பவர்வடகரை, சுரண்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். பத்து கிலோமீட்டருக்குள் ஆய்க்குடி. மேற்கே மலை நீலமாக எட்டிப் பார்க்கிறது. நடுவில் வயல், தென்னை, குளம். காற்றுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. வேட்டி கட்டியவர்கள் ஒரு கையை வேட்டிக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

சின்ன ஊர், பெரிய பழமை. ஆய் வேளிரின் பெயரைத் தாங்கிய ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஆய் அண்டிரனை, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடித் தீர்த்திருக்கிறார். பாடி வந்தவர்களுக்கு யானையாகக் கொடுத்த ஆசாமி. அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறார் புலவர். இங்கே கொடுத்தால் மறுபிறவியில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வியாபாரி இல்லையாம் ஆய். இதைக் கொஞ்சம் முந்தானையில் முடிந்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அனுமன் நதிக் கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள், படித்துறைப் படியிலேயே பாயசத்தை ஊற்ற, ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து வழித்துச் சாப்பிடுவார்கள். படிப் பாயசம் என்று பேர். நான் போன நேரத்தில் பாயசம் இல்லை. எனக்கு அன்றைக்கு எல்லாமே முட்டைதான். ஆகவே, டீ.

டீக்கடையில் அண்ணாச்சி ஆற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தோடு. யாரோ ஒரு இளம் வீரர் முதல் ஓவரிலேயே தூக்கி அடித்து அவுட் ஆன செய்தி.

"என்ன அடி அடிக்கான்! கொஞ்சம் நின்னு ஆடுனா என்னவாம்?" என்றார் வாத்தியார்.

"சார்வாள், இதையேதான் நீங்க நாப்பது வருசமா சொல்லிக்கிட்டு இருக்கிய. அப்ப ஸ்ரீகாந்தைச் சொன்னிய" என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பி, "எங்கப்பா காலத்துல இந்தக் கடையில டிரான்சிஸ்டர் கெடந்துச்சு. ஸ்ரீகாந்த் ஆட வந்தாருன்னா எங்கப்பா டீ போட மாட்டாரு. போட்டுக் குடுக்கதுக்குள்ள அவுட் ஆயிருவாரு. கோவத்துல தம்ளரைக் கீழ வச்சுட்டு ஆளு எந்திரிச்சுப் போயிரும். காசு யாரு குடுப்பா?"

"ஆனா, அவர் அவுட் ஆனதும் கடையில ஆளும் இருக்காது தம்பி" என்றார் வாத்தியார். "காவஸ்கர் நின்னு ஆடிக்கிட்டுதான் இருப்பாரு. கேக்கதுக்குத்தான் ஆள் இருக்காது!"

அதற்கப்புறம் அங்கே நடந்தது ஒரு கோர்ட் விசாரணை. இரண்டு பேருமே அரசுத் தரப்பு, இரண்டு பேருமே எதிர்த் தரப்பு.

குற்றப்பத்திரிகை இது: 1981 நவம்பர், பம்பாய். இங்கிலாந்துக்கு எதிராக ஸ்ரீகாந்தின் முதல் டெஸ்ட். மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர் மாதிரி கிரீஸைவிட்டு வெளியே நடந்தார். எம்பரி பந்தை ஸ்டம்புக்கு எறிந்தார். ரன் அவுட்! ஒவ்வொரு பந்துக்கும் சூரியனைப் பார்ப்பது, மூக்கை உறிஞ்சுவது, ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவது. இவ்வளவும் செய்துவிட்டு அடுத்த பந்தில் ஸ்லிப்பில் கேட்ச். 43 டெஸ்டில் 2,062 ரன், சராசரி முப்பதைத் தொடவில்லை. 146 ஒரு நாள் ஆட்டத்தில் 4,091 ரன், அங்கேயும் முப்பதைத் தொடவில்லை. 1989ல் கேப்டனாகப் பாகிஸ்தான் போனார். நான்கு டெஸ்டையும் தோற்காமல் டிரா செய்துவிட்டு வந்தார். ஆனால், சொந்த மட்டையில் ரன் இல்லை. கேப்டன் பதவி போனது, டீமில் இடமும் போனது.

இனி எதிர்த் தரப்பு: 1983 ஜூன் 25, லார்ட்ஸ். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நான்கு எமன்கள். ராபர்ட்ஸை ஒற்றை முழங்காலை மடக்கி ஒரு ஸ்கொயர் டிரைவ்! ஸ்ரீகாந்த் எடுத்தது 38தான். ஆனால், அந்த இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியிலும் அதற்கு மேல் ஒருவரும் எடுக்கவில்லை. 1985, மெல்போர்ன் இறுதி ஆட்டம். பாகிஸ்தானுக்கு எதிராக 67, ஆட்ட நாயகன். 1986, சிட்னி டெஸ்டில் 116. 1988, விசாகப்பட்டினத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மட்டையால் 70, போதாக்குறைக்குப் பந்தால் 5 விக்கெட்!

"மெல்போர்ன்ல கார் யாருக்குக் கெடச்சுது, சொல்லுங்க பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

ரவி சாஸ்திரிக்கு. தொடர் முழுக்க ஒழுங்காக ஆடியதற்கு ஆடி கார். உலகமே அப்படித்தான் சார், ஒழுங்காக வருகிறவனுக்குக் கார். திடீரென்று வருகிறவனுக்கு டீக்கடையில் நாற்பது வருஷம் பேச்சு.

நமக்கு மட்டும் இந்த வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் கூடைப்பந்து மலை ஷாகில் ஓ'நீலைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் தொங்கினாலும் இழுத்துக்கொண்டு போய்ப் பந்தைக் கூடையில் திணிப்பார். ஆனால், 'ஃப்ரீ த்ரோ' என்று ஒன்று உண்டு. பதினைந்தடி தூரத்தில், தடுக்க ஆளே இல்லாமல், நிதானமாக நின்று போட வேண்டிய பந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும். இவர் ஆயுசுக்கும் போட்டதில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று தேறினால் பெரிசு! எதிரணிகள் வேண்டுமென்றே இவரைப் பிடித்து இழுத்து, ஃப்ரீ த்ரோ கொடுத்துவிட்டு நிம்மதியாக நின்றன. ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனாலும், அவர் இருந்த அணிகள் நான்கு முறை சாம்பியன். பயிற்சியாளர்கள் அவரைத் திருத்திவிட்டுக் கோப்பைக்குப் போகவில்லை. அந்த ஓட்டையோடு சேர்த்துத்தான் திட்டம் போட்டார்கள்.

இதைச் சொன்னதும் வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார். கை மேற்கே நீண்டது.

"அங்ஙன பாருங்க தம்பி. மேக்கரையில இப்ப அடவிநயினார் அணை இருக்கு. 132 அடி. அது வந்தது இப்பத்தான். அதுக்கு முன்னாடி எத்தனை நூறு வருசம் இந்த அனுமன் நதி தன் இஷ்டத்துக்கு வந்துச்சு! ஒரு நாள் கரை புரளும், ஒரு மாசம் மணலா கெடக்கும். ஆத்தைத் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நெல்லு விளைஞ்சிருக்குமா? நம்ம பாட்டன் என்ன செஞ்சான்? குறுக்க ஒரு தடுப்பு, அதுலேர்ந்து ஒரு கால்வாய், கடைசியில ஒரு குளம். ஒரு குளம் நிறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த குளம். வந்த அன்னைக்குப் பிடிச்சு வச்சுக்கிட்டான். ஆறு ஒழுங்கா வரும்னு எவனாவது நம்பியிருந்தா குளமே வெட்டியிருக்க மாட்டான்!"

அண்ணாச்சி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "அப்ப காவஸ்கர்தான் குளம்னு சொல்லுதிய."

"ஆமாவே! சீக்கா ஆறு. சிட்னியில அவர் 116, இவர் 172. ஆறும் குளமும் ஒரே நாள்ல நிறைஞ்சா எப்படி இருக்கும், அது!"

எனக்குப் பளிச்சென்றது. லார்ட்ஸிலும் அதுதானே நடந்தது? 38 என்பது ஒரு சின்ன வெள்ளம். 183 ரன்னை வைத்துக்கொண்டு, மீதி வேலையை மதன்லாலும் அமர்நாத்தும் பந்தால் முடித்தார்கள். வந்த தண்ணீரை வீணாக்காத அணி ஜெயித்தது. அப்புறம் காலம் ஒரு குறும்பு செய்தது. எந்த மனுஷரை 'நிலையாக ஆடத் தெரியவில்லை' என்று நாடே திட்டியதோ, அவரே 2008ல் தேர்வுக் குழுத் தலைவராக வந்தார். 2011ல் உலகக் கோப்பையை வென்ற அணி, அவர் குழு பொறுக்கி எடுத்தது. ஆற்றுக்குத்தான் குளத்தின் அருமை தெரியும்போல!

டீக்கு வேலை முடிந்து எழுந்தேன். ஆய்க்குடிக்கு வந்துவிட்டு அமர் சேவா சங்கத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. இங்கேயும் ஒரு 1981 இருக்கிறது.

ஸ்ரீகாந்த், கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர். ஆய்க்குடி எஸ்.ராமகிருஷ்ணனும் இன்ஜினீயரிங் மாணவர்தான். 1975ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. சீக்கா இந்தியாவுக்கு ஆட வந்த அதே 1981ல், சக்கர நாற்காலியில் இருந்தபடி, ஒரு கையளவு குழந்தைகளை வைத்து இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு மருத்துவம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இங்கே நடப்பது சிக்ஸர் இல்லை, சிங்கிள். நடக்க முடியாத ஒரு குழந்தையின் காலைப் பிடித்து நீட்டு, மடக்கு, நீட்டு, மடக்கு. நேற்றும் அதே, இன்றும் அதே. விட்டுவிட்டுச் செய்தால் பலன் இல்லை. 'இன்னிக்கு நான் ஃபார்ம்ல இல்லை' என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஒழுங்கைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டிய இடம் என்றால், இது. இங்கே அது கிடைக்கிறது. கை தட்டத்தான் கூட்டம் இல்லை. நாமோ, மலையிலிருந்து விழுகிற தண்ணீரிடமும் மனசு போனபடி சுழல்கிற மட்டையிடமும் வருகைப் பதிவேட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்!

முந்தானையில் முடிந்ததை இப்போது அவிழ்க்கலாம். ஆய் அண்டிரன் வியாபாரி இல்லை, சரி. ரசிகன்? நான் இத்தனை தடவை கை தட்டினேன், இத்தனை ராத்திரி கண் விழித்தேன், ஆகவே நீ செஞ்சுரி அடித்தே ஆக வேண்டும் என்று ரசீதோடு நிற்கிற ரசிகன், வியாபாரிதானே? ஸ்ரீகாந்த் நமக்குக் கடன்பட்டவர் இல்லை. லார்ட்ஸில் அந்த ஒரு ஸ்கொயர் டிரைவை யார் காசு கொடுத்து வாங்கினோம்?

திட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. திட்டாமல் இருக்க நாம் என்ன முனிவர்களா! ஆய்க்குடி டீக்கடையில் திட்டுகிற மாதிரி திட்டுங்கள். "கூறுகெட்ட மனுசன், முத பந்துலயே அவுட்டு" என்று வாத்தியார் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பேரன் கண்ணாடியை உடைத்ததைச் சொல்கிற தாத்தா முகம்!

சீசனுக்குக் குற்றாலம் வருகிறீர்களா? தண்ணீர் விழுந்தால் குளியுங்கள். விழாவிட்டால் ஆய்க்குடிக்குப் பஸ் ஏறுங்கள். கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது, காற்று இருக்கிறது. டீயும் உண்டு. சீக்கா பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், டீக்குக் காசை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்!