அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்த வகுப்பு

பி.காம். படிக்கும்போது எங்களுக்குச் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு பேப்பர் இருந்தது. அந்த நேரத்தில் எந்த ஆசிரியருக்கு வகுப்பு இல்லையோ, அவர் வந்து அட்டெண்டன்ஸ் எடுப்பார். நாங்கள் கடைசி பெஞ்சில் அக்கவுன்ட்ஸ் கணக்குப் போடுவோம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து பாஸ். எல்லா டிகிரிக்கும் இந்தப் பாடம் வந்ததற்குப் பின்னால் 1991-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இருப்பதெல்லாம் அப்போது தெரியாது.

இதழியல் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கரணை பற்றிய செய்தியில் 'தரிசு நிலம்' என்று எழுதிவிட்டேன். ஆபீஸுக்கு ஒரு அம்மா போன் செய்தார்.

"அது தரிசு இல்லைம்மா, சதுப்பு நிலம். தரிசுன்னு நினைச்சு மண்ணைக் கொட்டினதாலதான் மழை வந்தா எங்க வீட்டுக்குள்ள தண்ணி நிக்குது."

உடனே திருத்தினேன். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. 'சதுப்பு நிலம் என்றால் என்ன?' என்பது நான் மனப்பாடம் செய்த இரண்டு மார்க் கேள்வி!

சமீபத்தில் கல்லூரி ஜூனியர்களிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"வேலைக்கு உதவாத பேப்பர்க்கா" என்றான் ஒருவன்.

"பாடம் நல்லாத்தான் இருக்கு. ஆசையா நடத்தத்தான் ஆள் இல்லை" என்றாள் இன்னொருத்தி.

முதல் பதில், அன்றைக்கு நான் சொன்னது. இரண்டாவது, எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அந்தப் புத்தகத்தை வீட்டில் தேடினேன். "நீதானேடி எடைக்குப் போடச் சொன்னே?" என்கிறார் அம்மா.