பால் மரத்துல ஒரு மேசை

நம்ம ஆலய அன்னதான மண்டபத்துல புதுசா போட்டிருக்கிற மேசையைப் பத்திப் பல பேர் கேட்டுட்டீங்க. "என்ன மரம் தம்பி, தேக்கா?" தேக்கு இல்லைங்க. பால் மரம். நம்ம பெரியவங்க விடியக்காலையில பால் வெட்டின அதே ரப்பர் மரம்.

பாலிங் பக்கத்துல ஒரு பலகைத் தொழிற்சாலையில எனக்கு வேலை. மரம் காயவைக்கிற சூட்டறை, நாங்க கில்ன்னு சொல்லுவோம், அது என் பொறுப்பு. போன வருஷம் எங்க பழைய தோட்டத்துல மறுநடவுக்காக மரங்களைச் சாய்ச்சாங்க. அதுல அம்மா வெட்டின நிரையும் இருந்தது. "ஒரு பலகையாச்சும் கோயிலுக்குக் கொண்டு போய்ச் சேருடா"ன்னு அம்மா சொன்னாங்க.

ஒரு காலத்துல இது வெறும் விறகு. புகைக்கூட்டுக்கும் செங்கல் சூளைக்கும்தான் போகும். 1980கள்ல இருந்துதான் தளவாட மரமா மதிப்பு ஏறியது. வெளிநாட்டுல 'மலேசியன் ஓக்'னு பேர் வச்சு விக்கிறாங்க. ஓக் மரத்துக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை!

ரப்பர் மரத்துல மாவுச்சத்து அதிகம். அறுத்து அப்படியே போட்டா சீக்கிரமே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அதனால அறுத்த கையோட போரான் மருந்தை அழுத்தி ஏத்துவோம். அம்மா நிரையில 3 இஞ்சு கனத்துல பன்னிரண்டு பலகை கிடைச்சது.

இங்கதான் நான் தப்பு பண்ணேன். திருவிழாவுக்கு முன்னாடி மேசை வந்துடணும்னு அவசரம். 1 இஞ்சுப் பலகை பத்து நாளுக்குள்ள காய்ஞ்சிடும். அந்த லோடோட ஆறு கனப் பலகையையும் சேர்த்து அடுக்கிட்டேன். அதே சூடு, அதே காத்து. 3 இஞ்சுன்னா மூணு மடங்கு நாள் போதாது, அதைவிட ரொம்ப அதிகம் ஆகும். தெரிஞ்சும் செஞ்சேன்.

வெளியே எடுத்தப்ப பார்க்க அழகாத்தான் இருந்தது. குறுக்கே அறுத்தேன். உள்ளே தேன்கூடு மாதிரி வெடிப்பு. மேல்தோல் முதல்ல காய்ஞ்சு இறுகிடுச்சு. உள் ஈரம் பிறகு வெளியேறி, நடுமரம் சுருங்கப் பார்க்குது, வெளிக்கூடு விடலை. வேற வழியில்லாம உள்ளேயே கிழிஞ்சுடுச்சு. மருந்து ஏறின மரம், கோயில் அடுப்புக்குக்கூட ஆகாது. பாய்லருக்குத்தான் போச்சு. அன்னைக்கு அம்மாகிட்ட சொல்ல நாக்கு எழலை.

மறுநாள் சொன்னேன். "மீதி ஆறு இருக்குல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க.

மீதியை நடுவுல குச்சி வச்சு அடுக்கி, மூணு மாசம் நிழல்ல விட்டேன். நம்ம ஊர் ஈரக்காத்துல சுமார் 15 விழுக்காட்டுக்குக் கீழே அது தானா இறங்காது. கனப் பலகைக்கோ அவ்வளவுகூட வராது. பிறகுதான் மேசைக்கால் மரத்தோட சேர்த்து கில்னுக்குள்ள ஏத்தினேன். முதல்ல இளஞ்சூடு, நிறைய நீராவி. மாதிரித் துண்டை தினமும் நிறுத்து, எடை இறங்கின அளவுக்குத்தான் சூட்டை ஏத்தினேன். கடைசியில மறுபடி நீராவி விட்டு இறுக்கத்தைத் தளர்த்தினேன். அஞ்சு வாரம் ஆச்சு. திருவிழாவும் முடிஞ்சு போச்சு. தலைவர்கிட்ட ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன், அது வேற கதை.

ஒரு துண்டை கவட்டை மாதிரி அறுத்துப் பார்த்தேன். ரெண்டு பல்லும் வளையாம நேரா நின்னது.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அந்த மேசையில முதல் இலை போட்டோம். அம்மா சாப்பிட உட்காராம, பலகை ஓரத்தைக் கையால தடவிக்கிட்டே நின்னாங்க. "எந்த மரம்டா இது, வாய்க்கால் ஓரமா நின்னதா?"ன்னு கேட்டாங்க.