நெஞ்சுச் சூடு

“எத்தனாவது மாசத்துல பொறந்துச்சுங்க?” கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருவில் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான். ஆணா பெண்ணா என்பதெல்லாம் அப்புறம். எட்டாம் மாசம் என்றதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்பது நம் பக்கத்தில் வேரோடிப் போன நம்பிக்கை. நம் பக்கத்தில் மட்டுமல்ல. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே இருக்கிறது. அதுவும் இதையேதான் சொல்கிறது.

உண்மை இதற்கு நேர் எதிர். வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். ஏழைவிட எட்டு நல்லது, எட்டைவிட ஒன்பது நல்லது. இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆத்திரமே வருகிறது. ‘தங்காது’ என்று மனசில் விழுந்துவிட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய கால்கள் தளர்ந்துபோகும்.

எங்களுடையது இரட்டை. 32 வாரம். முதலில் வந்த பெண் 1,560 கிராம், பின்னால் வந்த பையன் 1,240 கிராம். இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் நாள் நிறையுமுன்னே பிறந்துவிடுகின்றன. பிரசவ வலி முந்திக்கொண்டது தெரிந்ததும் என் மனைவிக்கு ஊசி போட்டார்கள். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்கான ஸ்டீராய்டு ஊசி அது. அதன் கதையைப் பிறகு படித்தேன். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த மருந்து கொடுத்தபின் குறைமாதத்தில் பிறந்த குட்டிகள், எதிர்பாராதபடி மூச்சுவிட்டன. அவரும் ஹோவி என்பவரும் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1972இல் வெளிவந்தது. அன்றிலிருந்து அந்த ஊசி எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறதோ! 2020இல் மட்டும் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில்.

பிறந்ததும் இரண்டு பேரையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கும்வரை அவர்களுக்கு ‘ட்வின் ஒன்னு’, ‘ட்வின் ரெண்டு’ என்றுதான் பெயர். கட்டை விரல் நீளத்துக்குப் பாதம். தோளிலும் முதுகிலும் பூனைமுடி. தோலுக்கடியில் நரம்பு ஓடுவது தெரியும். மூக்கில் ஆக்சிஜன், வாய் வழியாக வயிற்றுக்குப் பால் போகும் ட்யூப். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது இந்த மூன்றையும் முறைவைத்துச் செய்ய ஏறக்குறைய 34 வாரம் ஆகவேண்டுமாம். அதுவரை பசித்தால் அழக்கூடத் தெம்பு இருப்பதில்லை.

ஒருநாள் சிஸ்டர் வெளியே வந்து, “ரெண்டாவது பாப்பாவோட அப்பா யாரு? கை கழுவிட்டு, சட்டையக் கழட்டிட்டு உள்ள வாங்க” என்றார். எனக்கு விளங்கவில்லை. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குல்லாயும் சாக்ஸும் நாப்கினும் மட்டும் போட்ட பையனை என் வெற்று மார்பில் நெட்டுக்குத்தாக வைத்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு அமுங்காமல் பார்த்து, காலைத் தவளைபோல மடக்கி, மேலே துணியால் சுற்றிக் கட்டினார். “அசையாதீங்க, பயப்படாதீங்க. பேசணும்னா பேசலாம்.” என்ன பேசுவது? எங்கள் கொல்லையிலே மணிலாக்கொட்டை எப்படி வந்திருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். மானிட்டரில் தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு கொஞ்ச நேரத்தில் ஒரு நிலைக்கு வந்தது. உடம்புச் சூடும் சரியாக நின்றது. எடை தூக்கிப் பழகிய என் நெஞ்சில் அந்த 1,240 கிராம் பெரிய பாரமாக இருந்தது.

இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைத்துக் கிருமி தொற்றிச் சாகக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே கட்டிவிட்டார். வழியில்லாமல் தொடங்கியதுதான். அதையே பிற்பாடு ஆராய்ந்து பார்த்தார்கள். டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும், ஆப்பிரிக்காவில் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. 1,000 கிராமிலிருந்து 1,799 கிராம்வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த கையோடு மார்பில் வைத்தால், நிலை சீராகும்வரை காத்திருந்து வைப்பதைவிட இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. மறுவருஷமே உலக சுகாதார நிறுவனம், நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம்வரை இப்படி வைத்திருக்கச் சொல்லிவிட்டது.

இங்கேதான் இரட்டைப் பிள்ளைக்காரர்களின் கணக்கு இடிக்கிறது. அறுவை சிகிச்சைப் புண் ஆறாத ஒருத்தி, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பால் பீச்சவேண்டும், சாப்பிடவேண்டும், தூங்கவேண்டும். அதற்கு மேல் இரண்டு பிள்ளைகளையும் நாளெல்லாம் நெஞ்சில் சுமக்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? இரட்டைக்கு இரண்டு மார்பு வேண்டும். அப்பன் மார்பிலும் பாட்டி மார்பிலும் சூடு உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் குழந்தைகளை இப்படி வைத்திருக்கும் வார்டு பெண்கள் வார்டு. ஆண்கள் வராந்தாவில் டீ கிளாசும் கையுமாக நின்று பில்லையும் மருந்துச் சீட்டையும் வாங்க மட்டுந்தான். ஒரு திரை, ஒரு சாய்வு நாற்காலி, அப்பாக்களுக்கென்று ஒதுக்கிய நேரம். இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகாது. எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இதைச் செய்தாக வேண்டும்.

பெண் முதலில் தேறி வீட்டுக்கு வந்தாள். பையன் அங்கேயே. இரட்டைப் பிள்ளைகளுக்கு இது சகஜம் என்றார்கள். ஆனால் அந்த நாட்களில் என் மனைவி பட்ட பாடு சகஜமானதல்ல. ஒருத்திக்குப் பால் கொடுக்கும்போதே இன்னொருவனை நினைத்து அழுவாள். பீச்சிய பாலை மூடி போட்ட சிறு டப்பாவில் அடைத்து, நேரம் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுப்பாள். நான் செஞ்சியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறித் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். கார்த்திகை தீபம் வந்தது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். லட்சக்கணக்கான ஜனம். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். “தாய்ப்பாலுங்க, பாப்பாவுக்குங்க” என்று சொன்னால் போதும், கிரிவலம் போகிறவர்கள் தள்ளி நின்று வழிவிட்டார்கள். வயசான ஒரு அம்மா எனக்கு முன்னாலேயே, “வழிவிடுங்க சாமி, பச்சப்புள்ளைக்குப் பால் போவுது” என்று குரல் கொடுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். மலையுச்சியில் தீபம் ஏற்றும் நேரத்தில் நான் வார்டு வாசலில் டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தேன்.

மார்கழிப் பனியில் பையனும் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் பயம் வேறு மாதிரி. அங்கே மெஷின் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். வீட்டில் மெஷின் இல்லை. முதல் சில ராத்திரிகள் நாங்கள் மாறி மாறி அவர்களின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம்தான் தைரியம் தந்தது. வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார். இரண்டும் கதகதப்பாக இருந்தால் கவலை இல்லை. வயிறு சூடாக இருந்து கால் சில்லிட்டிருந்தால் குளிர் ஏறுகிறது, உடனே நெஞ்சில் போட்டுக்கொள். இரண்டும் சில்லிட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பால் பாலாடையில்தான். மடியில் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். நாக்கு வந்து தொடும், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அதற்குப் பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டு ஊற்றினால் புரை ஏறும்.

என் அம்மா ஆறு பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி ஆளாக்கியவள். எண்ணெய் தேய்த்து, மூக்கை ஊதிச் சளி எடுத்து, சாம்பிராணி காட்டி வளர்க்கவேண்டும் என்பது அவள் ஆசை. எடை ஏறும்வரை குளியலே வேண்டாம், மூக்கில் ஊதவே கூடாது, புகை அந்த நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னபோது அவள் முகம் விழுந்துவிட்டது. “அப்ப நான் எதுக்குடா?” என்றாள். பையனைத் தூக்கி அவள் மார்பில் வைத்து முந்தானையால் கட்டினோம். அப்புறம் அவளை அசைக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். பார்க்க வருகிறவர்களை, “மொதல்ல போய் சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வா” என்று வாசலிலேயே அதட்டுவாள். எங்கள் வீட்டில் மூன்றாவது மார்பு அவளுடையது. மூன்றிலும் உறுதியானது அதுதான்.

குறைமாதப் பிள்ளைகளுக்கான கண் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் பத்தாம் மாதத்தில்தான் முழுசாக வளர்ந்து முடியும். முன்னாடியே பிறந்து ஆக்சிஜனில் இருந்த பிள்ளைக்கு அவை கோணல்மாணலாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இப்படித்தான். பிள்ளை கண்ணைத் திறந்து நன்றாகத்தான் பார்க்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. 2 கிலோவுக்குக் குறைந்தோ, 34 வாரத்துக்கு முன்போ பிறந்தால் 30 நாளுக்குள் காட்டவேண்டும். ரொம்பச் சின்னதென்றால் இன்னும் முன்னதாகவே. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் வைத்துக் காப்பாற்றிவிடலாம். நேரம் தப்பினால் பெரும்பாலும் ஒன்றும் செய்யமுடியாது.

இப்போது தெருவில் வேறு கேள்வி. “இன்னுமா கழுத்து நிக்கல?” தடுப்பூசிக்குப் பிறந்த தேதி, வளர்ச்சிக்கு டாக்டர் முதலில் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதி என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது கணக்குப்படி இரண்டு பேருமே சரியாகத்தான் வளர்கிறார்கள் என்று என் அம்மா எல்லாருக்கும் விளக்கம் சொல்கிறாள்.

போன வாரம் சோமாசிபாடிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். அவன் மனைவிக்கு வலி முந்திக்கொண்டதாம், அவளுக்கும் இரட்டையாம். என்னண்ணா எடுத்துட்டுப் போறது என்று கேட்டான். முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொளப்பான சட்டை இரண்டு எடுத்துக்கொள், உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, உள்ளே விடச்சொல்லிக் கேள், விடும்வரை கேட்டுக்கொண்டே இரு என்றேன்.