மகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பலாமா?



எங்கள் மூத்த மகள் கோவையில் அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். அவளுடைய தலைமையாசிரியை எங்களை அழைத்து, மாவட்டத்தின் அரசு மாதிரிப் பள்ளிக்கு அவள் பெயரைப் பரிந்துரைக்க விரும்புவதாகச் சொன்னார். தேர்வு எழுத வேண்டும். தேர்வு பெற்றால் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். அந்த இசைவைத் தருவதற்கு எங்களுக்கு ஒரு மாதத்திற்கும் மேலாயிற்று. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால், அந்த நாட்களில் நாங்கள் எண்ணியதையும் கேட்டறிந்ததையும் எழுதுகிறோம்.

முதலில் எங்களுக்குப் பள்ளியின் பெயரே ஐயத்தைத் தந்தது. கொங்கு நாட்டில் வாழ்பவர்களுக்கு விடுதிப் பள்ளி புதிதன்று. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றாலே தமிழகம் முழுவதும் மதிப்பெண் நினைவுக்கு வரும். விடியலில் எழுப்பி, இரவுவரை பாடத்தை ஒப்பிக்க வைக்கும் பள்ளிகளுக்கு இலட்சங்களைக் கட்டி அனுப்பிய உறவினர்கள் எங்களுக்கு உண்டு. அத்தகைய இடத்திற்கு மகளை அனுப்புவதில் எங்களுக்கு விருப்பமில்லை. லேத் பட்டறை வருமானத்தில் அதற்கு வழியும் இல்லை.

விசாரித்தபோது மாதிரிப் பள்ளி வேறு வகையானது என்று தெரிந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள். அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். கல்வியும் தங்குமிடமும் உணவும் இலவசம். 2021-22இல் பத்து மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்த திட்டம் இது. ஐ.ஐ.டி., மருத்துவம், சட்டம், வடிவமைப்பு போன்ற உயர்கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளுக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதே இதன் நோக்கம்.

வேறு வழிகளையும் பார்த்தோம். மத்திய அரசின் நவோதயா பள்ளிகள் தமிழ்நாட்டில் இல்லை. அருகிலுள்ளது பாலக்காட்டு மலம்புழாவில். ஆனால் அந்தந்த மாவட்டத்தில் வசித்துப் படிக்கும் பிள்ளைகள்தாம் அதற்கு விண்ணப்பிக்க முடியும். உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி உண்டு. ஆறாம் வகுப்பிற்கும் ஒன்பதாம் வகுப்பிற்கும் நுழைவுத் தேர்வு நடக்கிறது. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்பிற்கோ ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ்வழியில் படித்த எங்கள் மகளுக்கு அந்த வாயிலைக் கடப்பது கடினம். மேலும், படை அதிகாரிகளை உருவாக்க எழுந்த பள்ளி அது. இவளுக்கோ வானியலில் நாட்டம்.

ஆகவே மாதிரிப் பள்ளிதான். இனி எஞ்சியிருந்தது படிப்பைப் பற்றிய கேள்வி அன்று. தீனைப் பற்றியும், பெண்பிள்ளை என்பதைப் பற்றியும் எழுந்த கேள்வி.

வீட்டில் முதலில் மறுத்தவர் நன்னிமா. "வயசுக்கு வந்த புள்ளைய கண்ணுக்கு மறவா விட்டுப்போட்டு ராத்திரி எப்படியம்மா தூங்குவே?" என்றார். அதை அறியாமை என்று ஒதுக்கிவிட எங்களால் இயலவில்லை. பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பற்றிய கேள்வி மறுமையில் பெற்றோரிடம் உண்டு. பள்ளி நிர்வாகத்தைக் கைகாட்டிவிட்டு நாம் தப்ப முடியாது.

மஹல்லா இமாம் ஹஜ்ரத்திடம் சென்றோம். கூடும், கூடாது என்று அவர் உடனே சொல்லவில்லை. "நீங்கள் எழுப்பாமல் உங்கள் மகள் ஃபஜ்ருக்கு எழுவாளா?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அன்று கடைவீதியில் ஓர் அலார கடிகாரம் வாங்கி அவள் கையில் கொடுத்தோம். எழுப்புவதில்லை, நினைவூட்டுவதில்லை, கண்டிப்பதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். முதல் வாரத்தில் நான்கு நாட்கள் ஃபஜ்ர் தவறியது. பக்கத்து அறையில் விழித்தபடியே, எழுப்பாமல் படுத்திருந்தது எங்களுக்குத்தான் பெரிய சோதனையாக இருந்தது. அவளாகவே களா தொழுதாள். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் தவறியது. மூன்றாம் வாரத்தில், பாங்கு ஒலிக்கும் முன்பே குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது.

அடுத்து, மாதிரிப் பள்ளியில் மகளைச் சேர்த்திருந்த ஒரு தாயைத் தேடிச் சென்று பேசினோம். ஐயமான உணவை அவருடைய மகள் தவிர்த்துவிட்டுக் காய்கறி உணவை உண்கிறாளாம், அறையிலேயே தொழுகிறாளாம், அவளுடைய முசல்லாவை மடித்து வைப்பவள் உடன் தங்கியிருக்கும் தோழியாம். "முதல் மாசம் தினமும் அழுதா. நானுந்தான். இப்போ லீவுல வந்தா, எப்போ திரும்பப் போகலாம்னு கேக்குறா" என்றார் அவர்.

அறிவைத் தேடிப் பிள்ளைகளைத் தொலைவில் விடுவது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. இமாம் ஷாஃபிஈ காஸாவில் பிறந்தவர். தந்தையை இழந்த அவரைத் தாய் மக்காவுக்குக் கொண்டுவந்து கற்கச் செய்தார். பின்னர் அவர் மதீனா சென்று இமாம் மாலிக்கிடம் பயின்றார். இமாம் புகாரியை அவருடைய தாய் ஹஜ்ஜுக்கு அழைத்து வந்து, அவர் கல்விக்காக அங்கேயே தங்கிவிட, அவரின்றி ஊர் திரும்பினார். நம் காலத்தில் அப்துல் கலாம் ராமேஸ்வரத்தை விட்டு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் தங்கிப் படித்தார். பிற்காலத்தில் அவர் எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது, சகோதரி ஸொஹ்ரா தம் நகைகளை அடகு வைத்தார்.

ஆயினும், விடுதி ஒன்றே வழி என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் வீட்டிலிருந்தே பள்ளிக் கல்வியை முடித்தவர். சந்திரயானை வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி அருகே கோதவாடியிலிருந்து கிளம்பி, நம் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். எனவே, தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாமென மகளிடம் முன்பே சொல்லிவிட்டோம். அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தாலும், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உண்டு. உயர்கல்விக்குச் செல்லும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று எண்ணும் நம் குடும்பங்கள் பல, இந்த வாய்ப்புகளை அறியாமலேயே கடந்துவிடுகின்றன. ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் ஐந்து நிமிடம் இவற்றை எடுத்துச் சொன்னால் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பயன்படும்.

இருவரும் இஸ்திகாரா தொழுதோம். கனவு எதுவும் வரவில்லை. வரவேண்டும் என்பதும் இல்லை. மனத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அது போதுமென்று கையொப்பமிட்டோம். நன்னிமா இன்னும் முழுமையாக இசையவில்லை. ஆனால் தேர்வன்று காலை யாசீன் ஓதி, பேத்தியின் தலையில் ஊதி அனுப்பினார். விடுதிக்குப் போவதாக இருந்தால் தாம் பின்னிய வெள்ளைத் துப்பட்டியைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

முடிவு இன்னும் வரவில்லை. அலாரம் நாள்தோறும் ஒலிக்கிறது. எந்த முடிவு எங்கள் மகளின் தீனுக்கும் துன்யாவுக்கும் நலமானதோ, அதையே அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக. அதில் எங்களுக்கு மனநிறைவையும் தருவானாக. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அவன் வழங்குவானாக. ஆமீன். உங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.