தெருவுக்கு அடியில் ஒயின்... லாகுவார்டியாவின் மலிவு ரகசியம்!

ஸ்பெயினின் வடக்கே, ரியோஹா ஒயின் பிரதேசத்தில், குன்றின் மேல் மதில் சூழ நிற்கிறது லாகுவார்டியா. காரில் வந்தால் மதிலுக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும். காரணம், தெருக்களுக்கு அடியில் 200-க்கும் மேற்பட்ட நிலவறைகள்! கோடையிலும் குளுகுளுவென்று இருப்பதால், தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் அங்கே ஒயினைச் சேமித்து வந்தன.

இங்கே குறைந்த விலையில் சிவப்பு ஒயின் வேண்டுமா? 'கோசெசேரோ' என்று கேளுங்கள். அறுவடை செய்பவர் என்று அர்த்தம். அதாவது, திராட்சை விளைவித்தவரே தயாரித்த ஒயின். டெம்ப்ரானியோ திராட்சையைக் காம்போடு கொத்துக் கொத்தாகத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடும். அறுவடை முடிந்த சில மாதங்களில் பாட்டில் ரெடி.

'கிரியான்சா' ரகம் என்றால் குறைந்தது 2 வருடம் காத்திருக்க வேண்டும். அதில் ஒரு வருடம் ஓக் மரப் பீப்பாயில். 'கிரான் ரிசர்வா'வுக்கோ 5 வருடம். பீப்பாய்ச் செலவும் காத்திருப்பும் விலையில் ஏறுகின்றன. கோசெசேரோவுக்கு இரண்டுமே இல்லை. மலிவுக்குக் காரணம் இதுதான். மட்டமான திராட்சை அல்ல.

பீப்பாய்களில் பணத்தை முடக்க வசதியில்லாத சிறு குடும்பமும், விளைச்சலைப் பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிடாமல் தன் பெயரிலேயே விற்க வழி செய்கிறது இந்த இளம் ஒயின். லேபிளில் அறுவடை வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். புதுசாக இருக்கும்போதுதான் இதற்கு ருசி!