உறைபனியில் பேப்பர் வண்டி

நீலகிரியில் பனிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் புல்நுனியில் தங்கி, வெயில் பட்டதும் காணாமற்போவது நீர்ப்பனி. மார்கழி பிறந்த பின் அதே புல்நுனியில் உப்புத் தூவினாற்போல் வெளுத்து, மிதித்தால் நொறுங்குவது உறைபனி. சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள் இரண்டையும் ‘பனி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஊட்டியில் அதிகாலையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது. நீர்ப்பனி கால்சட்டையை நனைக்கும். உறைபனி விரலை எடுத்துக்கொள்ளும்.

2004 முதல் 2009 வரை ஐந்து குளிர்காலங்கள் நாங்கள், அண்ணன் தம்பி இருவர், ஊட்டியில் பேப்பர் போட்டோம். ஏஜென்சி அப்பாவுடையது. முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தனியாகவே சுற்றிய லைன் அது. ஒரு மார்கழியில் அவருடைய விரல்கள் நிறம் மாறத் தொடங்கின. முதலில் சுண்ணாம்பு போல் வெளுக்கும். பிறகு நீலம் பாரிக்கும். வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்த பின் செக்கச்செவேலென்று சிவந்து வலிக்கும். அதற்கு ரேனாட் நோய் என்று பெயர் சொன்னார் கோவையில் ஒரு மருத்துவர். மொரீஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் தம் ஆய்வேட்டில் விவரித்தது. குளிர் ஆகாது, கைப்பிடியின் அதிர்வும் ஆகாது என்றார். பனிக்காலத்தில் மொபெட் ஓட்டுவது என்பது இவை இரண்டையும் தவிர வேறென்ன? வண்டிச் சாவி எங்கள் கைக்கு வந்தது அப்படித்தான்.

கோவையிலிருந்து வேன் ஐந்து மணிக்கு முன்பே சேரிங்கிராஸில் கட்டுகளை இறக்கிவிடும். அங்கேயே தெருவிளக்கின் கீழ் பிரித்து, இணைப்புகளைச் செருகி, ஃபிங்கர்போஸ்ட், இந்துநகர் வழியாகத் தலைகுந்தா வரை போய்த் திரும்ப வேண்டும். ஒருவன் ஓட்டுவான், மற்றவன் பின்னால் அமர்ந்து வீசுவான். தலைகுந்தாவில் இடம் மாற்றிக்கொள்வோம். பின்னிருக்கை சுகம் என்று நினைப்பவர்கள் அங்கே அமர்ந்து பார்க்க வேண்டும். காற்று குறைவுதான். ஆனால் தாளைப் பிரித்தெடுக்க விரல்கள் வெறுமையாக இருந்தாக வேண்டும்.

வண்டி பழைய யமஹா ஆர்எக்ஸ் 100. 1996-இலேயே தயாரிப்பு நின்றுபோன அந்த டூ ஸ்ட்ரோக் வண்டியை மலைக்காரர்கள் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதிகாலை நாலரைக்குச் சீட்டின் மேல் பனி பொருக்குத் தட்டியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டுச் சாக்கு விரிக்காமல் உட்கார்ந்தால் தலைகுந்தா வரை ஈரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஆகவே சோக்கை இழுத்துவிட்டு, சாவி போடாமல் இரண்டு உதை, சாவி போட்டு மூன்றாவது உதை. நீலப் புகையோடு அது இருமி எழும்பும்போது தெருவில் இரண்டு வீடுகளிலாவது எங்களைத் திட்டியிருப்பார்கள்.

இந்தச் சாலையில் நாங்கள் கற்ற முதல் பாடம், குளிர் எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது. உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும் என்று பள்ளியில் படித்திருந்தோம். உறைபனி இரவுகளில் அது தலைகீழ். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ரேஸ்கோர்ஸிலும் காந்தலிலும் தலைகுந்தாப் புல்வெளிகளிலும் வெள்ளை விரிந்து கிடக்க, அவற்றுக்கு மேலேயுள்ள சரிவில் புல் வெறும் ஈரத்தோடு நிற்பது இதனால்தான். வண்டியில் போகிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாலை ஒரு பள்ளத்தில் இறங்கும்போது முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு மார்பு என்று குளத்தில் இறங்குவதைப் போலவே குளிர் ஏறும். எதிர் மேட்டில் ஏறியதும் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இதமாகிவிடும். எந்தத் திருப்பத்தில் அந்தக் குளம் தொடங்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். மூடுபனி உள்ள நாளில் வழி தெரியாது, ஆனால் உறையாது. வானம் நிறைய நட்சத்திரம் தெரிந்தால் அம்மா இரவே இரண்டாவது ஸ்வெட்டரை எடுத்து நாற்காலியில் போட்டுவிடுவார்.

மெதுவாகப் போனால் குளிர் குறையாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இதற்குக் கணக்கே இருக்கிறது. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் நீர் உறைய ஆகும் நேரத்தை அளந்து, 1945-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கும் கணக்கு. 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்ட திருத்திய வாய்பாட்டின்படி, காற்றின் வெப்பநிலை 0 டிகிரியாக இருக்கையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் முகத்துக்கு அது -5 போல் இருக்கும். 50 கிலோமீட்டரில் -8. அதாவது முதல் 20 கிலோமீட்டர் வேகமே பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொள்கிறது. மீதி 30-க்கு மூன்று டிகிரிதான் கூடுதல் கட்டணம். எனவே மெதுவாகப் போவதில் லாபம் இல்லை; குளிரில் கிடக்கும் நேரம்தான் நீள்கிறது. (இயந்திரத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்கு எந்த வேகத்திலும் பூஜ்யம் பூஜ்யமே.)

வலி ஆபத்தில்லை, அது நிற்பதுதான் ஆபத்து. தலைகுந்தா நெருங்கும்போது விரல்கள் நம்முடையவை அல்லாமல் ஆகிவிடும். கிளட்சை உள்ளங்கையின் அடிப்பகுதியால் கொக்கிபோல் இழுப்போம். முன்பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பது கண்ணுக்கும் தெரியாது. யூகலிப்டஸ் இலை ஈரமாய் ஒட்டிக் கிடக்கும் வளைவில் அந்தச் சந்தேகத்தோடு இறங்க முடியாது. கால்பிரேக்கையும் இரண்டாம் கியரையும் நம்பித்தான் இறங்குவோம். நெடுநல்வாடையின் தொடக்கத்தில் மந்தையை மேட்டுக்கு ஓட்டிவிட்டுக் கையில் கொள்ளியோடு நடுங்கும் கோவலர் வருவார்கள். எங்கள் கொள்ளி சிலிண்டரின் இதழ்கள். வண்டியை நிறுத்தியதும் இருவரும் குனிந்து, இருபுறமிருந்தும் அதன்மீது கைகளைக் காட்டிக்கொண்டு நிற்போம். தொடக்கூடாது, காட்டத்தான் வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. மரத்த கை சுடுவதை அறியாது.

அப்பாவின் இன்னொரு கட்டளை விசித்திரமாகத் தோன்றியது. ‘கை குளுந்தா மாரை மூடு’ என்பார். கையுறையைப் பற்றிக் கேட்டால் மார்பைப் பற்றிச் சொல்கிறாரே என்று சிரித்திருக்கிறோம். பிற்பாடு படித்தபோது புரிந்தது. நடு உடம்பு குளிர்ந்தால், உயிரைக் காக்கும் பொருட்டு உடல் கைகால்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. முதலில் பலியாவது விரல்கள். எனவே ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் நடுவே முந்தைய நாளின் விற்காத பேப்பரை நான்காக மடித்து வைத்துக்கொள்வோம். தாள்களுக்கிடையே அடைபட்ட காற்றுதான் போர்வை. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு இதற்கு மிகப் பொருத்தம். சிற்றிதழ்களையும் முயன்றிருக்கிறோம், பக்கம் போதாது. இதை இலக்கிய விமர்சனமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைய பேப்பரை மட்டும் வைக்கக்கூடாது. வாசகருக்குப் போகும் தாளில் நம் வியர்வை படக்கூடாது என்பதில் அப்பா கறார்.

அந்த ஆண்டுகளின் இறுதியில் பெரிய வண்டிகளில் கூட்டமாக இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். வெள்ளைப் புல்வெளியில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அவர்கள்மேல் புகார் ஏதும் இல்லை. ஒருவர் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டுத் தம் தோல் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டே போனார். அதைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். அப்பா அதை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு தேநீர் குடிப்பார்.

இந்துநகரில் ஆண்டுக்காண்டு பேப்பர் குறைந்தது. பிற்பாடு மூடப்பட்ட ஃபிலிம் தொழிற்சாலையின் குடியிருப்பு அது. விளக்கெரியும் வீடுகள் ஒவ்வொன்றாக அணைய, அந்த நீண்ட சாலையில் வீசுவதற்கு ஏதுமின்றிக் கடந்தோம். குளிரைத் தாங்கியதற்குக் கிடைக்கும் கூலியும் அத்தோடு சுருங்கியது.

ஏழரைக்கு வீடு திரும்பியதும் அப்பா வாசலிலேயே கைகளைக் கேட்பார். ‘காட்டு சாமி’ என்று ஒவ்வொரு நகமாக அழுத்திவிட்டு, ரத்தம் திரும்பும்வரை எண்ணுவார். மூன்றுக்குள் சிவந்துவிட வேண்டும். 2008 ஜனவரியில் ஒருநாள், எங்களில் இளையவனின் இரண்டு விரல்கள் நடுக்கணுவரை வெளுத்திருந்தன. மூன்று தாண்டி, ஏழு தாண்டி எண்ணினார். ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நாலரைக்கு நாங்கள் வெளியே வந்தபோது மஃப்ளர் சுற்றி, குல்லாய் போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இனி தானே போவதாகச் சொன்னார். அரைமணி நேர வாக்குவாதத்தின் முடிவில் மூவராகக் கிளம்பினோம். முன்னால் மூத்தவன், பின்னால் கட்டோடு இளையவன், காற்றுப்படாத நடுவில் அவர். கைகள் இரண்டும் முன்னால் இருப்பவனின் ஸ்வெட்டருக்குள். ஃபிங்கர்போஸ்ட் தாண்டியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் குரல் கொடுக்கத் தொடங்கினார். இது டீச்சர் வீடு, தண்ணீர்த் தொட்டியில் விழாமல் வீசு. இது மிலிட்டரிக்காரர் வீடு, படியில் வை. அடுத்தது கேட்டுக்குள் வீசாதே, நாய் கிழித்துவிடும். அந்த நாய் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இளையவன் இறங்கிப் போய்ப் பேப்பரைக் கேட்டின் கம்பியில் செருகிவிட்டு வந்தான்.