காசி யாத்திரையில் கண்ட தூண்கள்

காசி, கார்த்திகை, திங்கள்

காசியில் கங்கை வடக்கு நோக்கிப் பாய்வது விசேஷம் என்று பெரியவர்கள் சொல்லச் சிறு வயது முதல் கேட்டு வந்திருந்தாலும், இன்று விடியற்காலையில் படகில் அமர்ந்து கேதார கட்டத்திலிருந்து தசாசுவமேத கட்டம் வரையில் சென்றபோதுதான் அந்த விசேஷம் என் கண்ணுக்குப் புலனாயிற்று. இமயத்தில் தோன்றித் தென்கிழக்காக ஓடிக் கடலைச் சேரவேண்டிய மாநதி, இந்த ஊரின் முன்னிலையில் தான் பிறந்த திசையை நோக்கித் திரும்பிப் பிறைபோல் வளைந்து செல்கிறது; அந்த வளைவின் மேற்குக் கரை முழுவதும் படித்துறைகளும் மாளிகைகளும் ஆலய சிகரங்களும் நெருங்கி நிற்க, எதிர்க்கரையோ வீடு வாசல் எதுவுமின்றி மணற்பரப்பாகக் கிடக்கிறது. ஆகையால், நீரில் இறங்கி நின்று கிழக்கே நோக்கி அர்க்கியம் விடும் மனிதனுக்கும் உதயசூரியனுக்கும் நடுவே மறைப்பாக ஒன்றுமில்லை.

நம் ஊர்ப் பெருங்கோயில்களின் நெடிய பிராகாரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு விசுவநாதர் சந்நிதி மிகச் சிறியதாகத் தோன்றும். 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் பழைய ஆலயம் இடிக்கப்பட்டு, நூறாண்டுக்கு மேல் சென்ற பிறகு, 1780இல் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பிய கோயில் இது. அதன் சிகரங்களுக்குப் பொன் வேய்ந்தவர் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங். கயையில் விஷ்ணுபாதக் கோயிலைக் கட்டியவரும் இதே அகல்யாபாய்தான். கைம்பெண்ணாகி, மகனையும் இழந்து, ராஜ்யபாரத்தைத் தனியே சுமந்த ஒரு மாதரசி, தன் எல்லைக்கு எத்தனையோ காதம் அப்பாலிருந்த க்ஷேத்திரங்களுக்கெல்லாம் கோயிலும் படித்துறையும் தர்மசாலையும் அமைத்துக்கொண்டே இருந்தாள் என்பதை நினைக்கும்போது, சந்நிதியில் கூட்டத்தின் நெரிசலுக்கிடையே கிடைத்த ஒரு நிமிஷ தரிசனத்தில் பாதியை அவளுக்கே அர்ப்பணிக்கவேண்டும் என்று தோன்றியது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட விசாலமான வழியினால் இப்போது கங்கைக் கரையிலிருந்து நேரே ஆலயத்துக்கு ஏறி வரலாம். முதியோருக்கு இது பெரிய உபகாரம்.

மாலையில், நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூஜைத் திரவியங்கள் புறப்பட்டுச் செல்வதைக் கண்டேன். 1813இல் நிறுவப்பட்ட சத்திரம் அது. செட்டிநாட்டுப் பெருமக்கள் தொடங்கி வைத்த அந்த நித்தியக் கைங்கரியம், ஆட்சிகள் மாறிய காலத்திலும் கைவிடப்படாமல், "சம்போ சங்கர மகாதேவா" என்ற கோஷத்துடன் வீதியில் நடந்து வருகிறது. வடமொழியும் இந்தியும் ஒலிக்கும் சந்துகளில் அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது என் கண்கள் நனைந்துவிட்டன. யாத்திரிகனுக்குச் சோறும் படுக்க இடமும் அளிப்பதைச் சிவபூஜையோடு ஒன்றாகவே வைத்துப் போற்றிய அந்த மனோபாவத்தைப் பற்றி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாரநாத், புதன்

எங்கள் குழுவில் பலருக்கு இன்று சாரநாத் வருவதில் உற்சாகமில்லை. அடுத்த வீட்டு மாமி வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: "அங்கே நமக்கு என்ன கர்மா இருக்கிறது? சுவாமி கூட இல்லை என்கிறார்களே?" காசிக்கு வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர், சிராத்தத்தையும் தம்பதி பூஜையையும் முடித்துக்கொண்டு, அன்னபூரணியையும் விசாலாட்சியையும் காலபைரவரையும் சேவித்துவிட்டு, பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த இடத்தை எட்டிப் பாராமலே ரயிலேறிவிடுகிறார்கள். "போய்த்தான் பார்ப்போமே, மாமி" என்று வற்புறுத்தி அழைத்து வந்தேன்.

புத்தர் பெருமான், தம்மை விட்டுப் பிரிந்து போன ஐந்து தோழர்களைத் தேடிக் கயையிலிருந்து நடந்து வந்து, முதல் உபதேசம் செய்த மான்வனம் இது. இங்கே நின்ற தர்மராஜிக ஸ்தூபத்தை, 1794இல், ஜகத் சிங் என்ற திவான் கடைவீதி கட்டுவதற்குச் செங்கல் வேண்டி இடித்தெடுத்தான். உள்ளே கல்பேழையில் கிடைத்த அஸ்தி கங்கையில் போடப்பட்டுவிட்டது. இன்று ஸ்தூபம் இருந்த இடத்தில் வட்டமான அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆயினும், அந்தக் கொடுமையே மண்ணுக்குள் ஒரு பழம்பெரும் தலம் புதைந்திருக்கிறதென்று கற்றவர்களுக்குத் தெரிவித்தது. அருகில் தாமேக ஸ்தூபம் 100 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கிறது. அதன் கல்லில் சுற்றிவரச் செதுக்கியுள்ள கொடிகளின் நெளிவையும் கோலவரிகளையும் பார்த்துக்கொண்டே மாமி ஒரு முறை பிரதட்சிணம் செய்து முடித்திருந்தார்.

அசோகச் சக்கரவர்த்தி நாட்டிய ஸ்தம்பம் முறிந்து, அதன் அடிப்பாகம் நட்ட இடத்திலேயே நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்து, பின்னர் நம் காஞ்சிபுரம் வரையிலும் யாத்திரை செய்த சீனத் துறவி யுவான் சுவாங், மணிபோல் ஒளிவிடும் ஒரு தூணை இங்கே கண்டதாக எழுதியிருக்கிறார். அந்த ஒளி பொய்யன்று. 1905ஆம் ஆண்டு வாக்கில் ஓர்ட்டல் என்ற பொறியாளரின் அகழாய்வில் வெளிப்பட்ட சிங்க சிகரம், அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் இன்றும் பளபளக்கிறது. ஏறக்குறைய 7 அடி உயரமுள்ள ஒரே மணற்கல். முதுகோடு முதுகு ஒட்டி நான்கு திசைகளையும் நோக்கும் நான்கு சிங்கங்கள். அவற்றின் கீழ் யானை, காளை, குதிரை, சிங்கம் என்ற நான்கு விலங்குகள், இடையிடையே சக்கரங்கள். நாணயத்திலும் அரசாங்கத் தாளிலும் அன்றாடம் கண்டு பழகிப்போன இந்த உருவத்தை, 1950 ஜனவரி 26 முதல் நம் குடியரசின் இலச்சினையாக விளங்கும் இதனை, மூலக் கல்லாக எதிரே காணும்போது, குதிரையின் பாய்ச்சலில் தெரியும் உயிரையும் சிங்கத்தின் பிடரி மயிரில் சிற்பி காட்டியிருக்கும் பொறுமையையும் எந்த அச்சும் இதுவரை எனக்குக் காட்டவில்லை என்பதை உணர்ந்தேன்.

மாமி நின்றது வேறோர் இடத்தில். குப்தர் காலத்துச் சிற்பி, தர்மசக்கர முத்திரையில் புத்தரை அமர்த்தியிருக்கும் புகழ்பெற்ற சிலை அது. பீடத்தில் நடுவே சக்கரமும், அதன் இருபுறமும் ஐந்து சீடர்களும், ஓரத்தில் ஒரு பெண்ணும் அவளுடைய குழந்தையும் சிறிய உருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிலையைச் செய்வித்தவள் அவளாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. அந்தப் பெண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, "இவளும் நம்மைப்போல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாத்திரை வந்தவள்தானே?" என்றார். காலையில் எழுப்பிய ஆட்சேபத்தை அதற்குப் பிறகு அவர் எழுப்பவில்லை.

பிரயாகை, வெள்ளி

கங்கையின் வெண்ணிறமும் யமுனையின் கருநீலமும் படகின் இருபுறமும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. இராமேசுவரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த மணலை நம்மவர்கள் இங்கே கரைக்கிறார்கள். இங்கிருந்து கங்கை நீரை எடுத்துச் சென்று இராமநாதருக்கு அபிஷேகம் செய்த பிறகே யாத்திரை பூர்த்தியாகிறது. தென்னாட்டுத் தம்பதிகள் செய்யும் வேணி தானத்தையும் கண்டேன். முதிய கணவர் மனைவியின் கூந்தலை நடுங்கும் கைகளால் வாரிப் பின்னி, நுனியைக் கத்தரித்துத் திரிவேணியில் சமர்ப்பிக்கிறார். வாழ்நாள் முழுவதும் அவளுக்காக அவர் அப்படிச் செய்ததில்லை என்பது அந்த அம்மாளின் முகத்தில் மலர்ந்த நாணத்திலிருந்து தெரிந்தது.

கரையில் அக்பர் கட்டிய கோட்டை நிற்கிறது. அட்சயவடத்தைத் தரிசிக்க வழி விடுகிறார்கள்; ஆனால் கோட்டைக்குள் இருக்கும் அசோக ஸ்தம்பம் இராணுவத்தின் வசமுள்ள பகுதியில் இருப்பதால், பொதுமக்கள் நினைத்தபோது சென்று பார்க்க இயலாது. பாரத தேசத்துச் சரித்திரத்தில் ஈடிணையற்ற கல் என்று நான் அதைக் கருதுகிறேன். அசோகர் தம் தர்ம சாசனங்களைப் பொறித்த அதே தூணில், ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், சமுத்திரகுப்தரின் திக்விஜயத்தை அவருடைய அமைச்சர் ஹரிஷேணர் செறிந்த சம்ஸ்கிருத நடையில் எழுதி வைத்தார். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட ஆண்டுகள் மேலும் கடந்த பிறகு, ஜஹாங்கீர் தம் வமிச வரலாற்றைப் பாரசீக எழுத்தில் அதே தூணில் பொறித்தார். ஹரிஷேணர் அடுக்கிச் செல்லும் தட்சிணாபத அரசர்களுள் காஞ்சியின் விஷ்ணுகோபனும் ஒருவன். பிடிக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டு, மீண்டும் நாட்டைப் பெற்றவன். பல்லவர்களின் ஆதிகாலத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சியங்களில் ஒன்றைப் பாலாற்றங்கரையிலன்றித் திரிவேணிக் கரையில் தேடவேண்டியிருக்கிறது. காஞ்சியிலிருந்து வந்து இங்கே முழுகி எழும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊர்ப் பெயர் பதினாறு நூற்றாண்டுகளாக இந்தக் கரைக் கல்லில் இருப்பது தெரியும்? கட்டுப்பாட்டுடனேனும் அந்தத் தூணை மக்கள் காண வழி செய்வது அரசாங்கத்தின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆக்ரா, திங்கள்

தாஜ்மகாலைப் பற்றி அறியாதவர் இல்லை. 1631இல் புர்ஹான்பூரில் பிள்ளைப்பேற்றில் இறந்த மும்தாஜின் நினைவாக எழுந்த அந்த மாளிகையில், இரு பக்கமும் இம்மியும் பிசகாது ஒத்து அமைந்த ஒழுங்கைக் குலைப்பது, பின்னால் இடம் தேடி ஒருபுறமாகச் சேர்க்கப்பட்ட ஷாஜஹானின் சமாதி ஒன்றுதான். ஆயினும், யமுனையின் மறுகரையில், நூர்ஜஹான் தன் தந்தைக்காக 1628இல் முடித்த இதிமாத்-உத்-தௌலா சமாதியே என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது. வெண்பளிங்கில் பல வர்ணக் கற்களை இழைத்துப் பூச்சாடியும் மதுக்கிண்ணமும் சைப்பிரஸ் மரமும் தீட்டியிருக்கும் அந்த வேலை, அளவில் சிறியதாக இருப்பதனாலேயே, அருகில் சென்று நிதானமாக அனுபவிக்க இடம் தருகிறது. அங்கே கூட்டமும் இல்லை.

டில்லி, வியாழன்

பிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்குள் வியாழக்கிழமையன்றுதான் போகவேண்டும் என்று சொன்னார்கள். சரளைக்கல்லால் அடுக்கடுக்காகக் கட்டிய மேடையின் உச்சியில் அசோகரின் தூண் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக், டோப்ரா என்ற கிராமத்திலிருந்து இதைக் கொண்டுவந்த விதத்தை அவருடைய சரித்திர ஆசிரியர் ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீப் விரிவாக வருணித்திருக்கிறார். இலவம்பஞ்சைக் குவித்துப் படுக்கை அமைத்து, அதன்மேல் தூணை மெல்லச் சாய்த்து, நாணலாலும் பதனிடாத தோலாலும் அடி முதல் முடி வரை சுற்றிக் கட்டி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து யமுனைக் கரைக்கு இழுத்து வந்து, பெரும் படகுகளில் மிதக்கவிட்டு டில்லி சேர்த்தார்களாம். தேர் வடம் பிடித்துப் பழகிய ஊரில் பிறந்தவனுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று. இத்தனை பாடுபட்டுக் கொணர்ந்த தூணில் எழுதியிருப்பது இன்னதென்று அக்காலத்தில் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

அதைப் படித்தவர் ஜேம்ஸ் பிரின்ஸெப். காசியின் நாணயச் சாலையில் பல ஆண்டுகள் பணிபுரிந்து, அந்த நகரத்தை நேசித்து, அதன் படித்துறைகளைச் சித்திரமாகத் தீட்டியவர். 1837இல் பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்து, மூன்றாண்டில், நாற்பது வயதில் மறைந்தார். சாசனத்தில் பேசும் பியதசி என்ற அரசன் அசோகனே என்று துணிவதற்கு இலங்கையின் பாலி நூல்கள் துணைபுரிந்தன. இந்தத் தூணில் உள்ள ஏழாவது சாசனம் வேறெந்தத் தூணிலும் இல்லை. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர வழியோரங்களில் ஆலமரங்கள் நட்டதையும், மாந்தோப்புகள் வைத்ததையும், கிணறுகள் வெட்டியதையும், தங்குமிடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்ததையும் சக்கரவர்த்தி அதில் சொல்கிறார். காசி வீதியில் பூஜைத் திரவியங்களுடன் சென்றவர்களையும், ஊர் ஊராகத் தர்மசாலை கட்டிய அகல்யாபாயையும் நான் அங்கே நினைத்துக்கொண்டேன். வழிநடப்பவனுக்கு நிழலும் நீரும் அளிக்கும் தர்மம், சாசனத்தைப் படிக்கத் தெரியாதிருந்த நூற்றாண்டுகளிலும் இந்த நாட்டில் அறுபடவில்லை.

மேடையின் கீழே இருண்ட அறைகளில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். நோயும் கடனும் வழக்கும் மகளின் விவாகமும் குறித்து, அங்கே வாசம் செய்வதாக நம்பப்படும் ஜின்களுக்கு மனு எழுதி, மாடக்குழிகளில் வைத்து, ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் வேற்றுமையின்றி வருகிறார்கள். அசோகர் தம் பிரஜைகளுக்கு எழுதிய கடிதம் உச்சியில் இருக்க, பிரஜைகள் எழுதும் கடிதங்கள் அடியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. "இங்கே சுவாமி இருக்கிறாரா?" என்று மாமி இம்முறை கேட்கவில்லை; யாரோ நீட்டிய ரோஜா இதழ்களை வாங்கி மாடக்குழியில் இட்டார்.

காசி யாத்திரைக்கு ஆயத்தமாகிறவர்கள் இதை வாசிப்பார்களாயின், அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கர்மங்களை முடித்த கையோடு ஊர் திரும்ப அவசரப்படாமல், சாரநாத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள், டில்லி வழியாகத் திரும்புவோர் கோட்லாவையும் பார்த்துவிட்டு வாருங்கள். சாரநாத் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு நாளாகப் பார்த்துப் புறப்படவேண்டும்.